அம்மாவின் தண்டல் கடனை அடைத்தேன், 2 மாதத்தில் மறுபடியும் அட்டை. ஏன்?

மல்லிக்காரி மகன் கேட்டது:

பொருளாதாரம் படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் சிலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 54 வயது. மதுரையில் ஒரு கோயில் வாசலில் 22 வருடமாகப் பூக் கட்டி விற்கிறார். விடியற்காலை 4 மணிக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் உதிரி மல்லி, பிச்சி, கொஞ்சம் கனகாம்பரம் எடுப்பார். 6 மணிக்கு வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் ராத்திரி 9 வரை அதே இடம். விற்காத மல்லி மறுநாள் குப்பைதான்.

கடன் இரண்டு வகை. ஒன்று தண்டல். பேருக்கு 10,000, கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். மஞ்சள் அட்டையில் 100 கட்டம் இருக்கும், காசு வாங்கியதும் தண்டல்காரர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இன்னொன்று, விலை எகிறும் முகூர்த்த நாளில் மட்டும்: காலையில் 900 வாங்கினால் சாயங்காலம் 1,000.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன தீபாவளிக்கு வந்த போனஸில் அம்மாவின் இரண்டு அட்டையிலும் சேர்த்துப் பாக்கியிருந்த 140 கட்டத்தை, அதாவது 14,000 ரூபாயை, ஒரே நாளில் எண்ணிக் கொடுத்து முடித்தேன். பூ வாங்க முதல் என்று தனியாக 3,000 அம்மா கையில் கொடுத்தேன். 'இனி ஒருத்தன்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்மா' என்று வசனமெல்லாம் பேசிவிட்டு பஸ் ஏறினேன்.

மார்கழியில் ஊருக்குப் போனால் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் புது அட்டை. 11 கட்டம் நிரம்பியிருந்தது. கத்திவிட்டேன். அம்மா பதிலே சொல்லாமல் நார் கிழித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் போனைத் தட்டுவதற்குள் ஏழேகால் முழத்துக்கு விலை சொல்வார். எங்கள் அம்மா மட்டும்தான் இப்படியா, இதை யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? அடைத்த கடன் அடைத்தபடி இருக்க என்ன செய்வது?

நேர்வழி:

இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் அதில் அடக்கம். ஒரு புகார் கொடுங்கள், அட்டை தானாக இறங்கிவிடும்.

மல்லிக்காரி மகன்:

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன் சார். 'அவரை உள்ள வச்சுட்டா நாளைக்குக் காலையில 4 மணிக்கு நீ வந்து பணம் குடுப்பியா?' என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

கணக்கெடுப்பு அக்கா:

தம்பி, உங்கள் அம்மா மட்டும் இல்லை. நீங்கள் வீட்டில் செய்ததை ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கானவர்களை வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையில்.

நான் 6 வருடம் இந்த மாதிரி ஆய்வுகளுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பியவள். அந்தச் சென்னை ஆய்வில் நான் இல்லை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூன்று பேரும் சேர்ந்து செய்தது. சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் தினவட்டிக்கு வாங்கி வியாபாரம் செய்யும் சந்தைக்காரர்களைப் பிடித்து, ஒரு பகுதிப் பேருடைய வட்டிக்கடனை முழுசாக அடைத்துவிட்டார்கள். அடைக்காமல் விட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். முடிவு 2019-இல் வெளியானது. பெரும்பாலானவர்கள் 6 வாரத்துக்குள் மறுபடியும் கடனில் இருந்தார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கடனை அடைத்துக் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் கடன் வாங்குவதில் வித்தியாசமே இல்லை. உங்கள் அம்மா 2 மாதம் தாக்குப்பிடித்திருக்கிறார் என்றால் சராசரிக்கு மேல்.

இதில் எல்லோரையும் உறுத்துவது வட்டிக் கணக்கு. சென்னைப் பழ வியாபாரிகள் கொடுத்தது ஒரு நாளைக்குச் சராசரியாக 4.69 சதவீதம் என்று அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் 900-க்கு 1,000 அதைவிட மோசம், 11 சதவீதம். அதை ஒருவர் தினமும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் தினம் 10 ரூபாயை மட்டும் ஒதுக்கி, மறுநாள் 890 வாங்கட்டும். வட்டியில் ஒரு ரூபாய் சொச்சம் மிஞ்சும், அதையும் அந்தப் பத்தோடு சேர்த்து அடுத்த நாள் கடனில் கழிக்கட்டும். இப்படியே போனால் 23-ஆம் நாள் 900-மும் சொந்த முதல். ஒரு டீயை விட்டால் முடிகிற வேலை. அப்படியிருந்தும் ஏன் வருஷக்கணக்காக வாங்குகிறார்கள் என்பதுதான் புதிர்.

தண்டல் அவ்வளவு கொடுமை இல்லை, ஆனாலும் லேசு இல்லை. 8,500 வாங்கி 100 நாளில் 10,000 கட்டினால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால் வருடக் கணக்கில் 120 சதவீதம் பக்கம் வரும்.

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் பல. என் பங்குக்கு, வாசற்படியில் உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன். 'கடன் எவ்வளவு இருக்கும்மா?' என்று கேட்டால் முதல் பதில் எப்போதும் 'கடனா? ஒண்ணுமில்ல'. அதை எழுதிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. 'நகை ஏதாவது அடகுல இருக்கா?' இருக்கும். 'மளிகைக் கடையில நோட்டு இருக்கா?' இருக்கும். 'அக்கா தங்கச்சிகிட்ட கைமாத்து?' ஆமா, போன ஆவணியில. குழுக்கடன், ஏலச்சீட்டு எடுத்த பாக்கி, திருப்பி வைக்க வேண்டிய மொய்... அரை மணி நேரத்தில் 7 வரி வந்துவிடும். அதே வீட்டில் அரிசிப் பானைக்குள் 600 ரூபாய், பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த கைமாத்து 1,000, பொண்ணு பேரில் சீட்டு என்று சேமிப்பும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கையில் கடன், இன்னொரு கையில் சேமிப்பு.

வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாட்டிலும் 250-க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை ஒரு வருடம், 15 நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வரவு செலவை நாட்குறிப்பு மாதிரி எழுதியவர்கள் உண்டு. கடன், சேமிப்பு இரண்டிலும் சேர்த்து 4 வகைக்குக் குறைவாக வைத்திருந்த வீடு ஒன்றுகூட அதில் இல்லை. கையில் காசு குறைவாக இருக்கிறவர்தான் அதிகமாகக் காசைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அந்த 3,000 என்ன ஆனது? திட்டாமல் கேளுங்கள்.

ஓய்வு மேனேஜர்:

அக்கா சொல்வது சுவாரசியம்தான், ஆனால் தீர்வு சுலபம். மலிவான கடனை மாற்றிக் கொடுத்தால் தண்டல் போய்விடும். 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே பி.எம். ஸ்வநிதி வந்தது. ஆரம்ப வருடங்களில் முதல் கடன் 10,000, ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பிறகு 20,000, அப்புறம் 50,000 என்று வந்தது. வட்டியில் 7 சதவீதம் மானியம். அதை வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மகளிர் குழுக் கடன். 31 வருடம் கிளையில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மல்லிக்காரி மகன்:

சார், இரண்டும் பார்த்தாயிற்று. ஸ்வநிதியில் 10,000 வாங்கினார். மாதத் தவணை 900-க்கு மேல், அதை ஒரு தேதியில் மொத்தமாக வைக்க வேண்டும். தினம் 100 எடுத்து வைக்கிற அம்மாவால் மாதம் ஒருமுறை 900 எடுத்து வைக்க முடியவில்லை. கேட்டால் 'அது கண்ணு முன்னாடி இருந்தா செலவாயிடும்' என்பார். குழுக்கடன் அதைவிட வேடிக்கை. வாரத் தவணை கட்ட வேண்டிய செவ்வாய்க்கிழமை காலையில் தண்டல்காரரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார். கட்டாவிட்டால் குழுவில் மற்ற 9 பேர் முகத்தில் விழிக்க முடியாதாம்.

ஓய்வு மேனேஜர்:

அது நடக்கிறதுதான். மறுக்கவில்லை. எங்கள் கிளையிலும் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறோம்.

கணக்கெடுப்பு அக்கா:

செவ்வாய்க்கிழமை கதைக்கும் ஆய்வு இருக்கிறது. கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டும் ரோஹிணி பாண்டேயும் இன்னும் இருவரும் செய்தது, 2013-இல் வெளியானது. குழுக்கடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதிக்கு வழக்கம்போல 2 வாரத்தில் தவணை தொடங்கியது, இன்னொரு பகுதிக்கு 2 மாதம் கழித்து. வட்டி, தொகை எல்லாம் ஒன்றுதான், அந்த அவகாசம் மட்டும் வேறு. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், 3 வருடம் கழித்து அவர்கள் லாபமும் அதிகம். ஆனால் தவணை தவறியவர்களும் அவர்களிடையே அதிகம். நிறுவனம் ஏன் அவகாசம் தருவதில்லை என்பது அங்கேயே புரிந்துவிடும்.

'கண்ணு முன்னாடி இருந்தா செலவாயிடும்' என்றாரே, அதை விடாதீர்கள். கென்யாவில் பும்பாலா என்று ஒரு சந்தை ஊரில்... மன்னிக்கவும், புமாலா. கைபேசி என்னைவிட அதிகம் தெரிந்தது போலத் திருத்துகிறது. அங்கே சிறு வியாபாரிகளுக்கு வங்கிக் கணக்கு இலவசமாகத் திறந்து கொடுத்தார்கள். வட்டி கிடையாது, எடுக்கப்போனால் கட்டணம் வேறு. யார் போடுவார்கள் என்று நினைப்போம். சந்தைப் பெண்கள் போட்டார்கள், தொழிலில் போடும் முதலும் அவர்களிடம் கூடியது. சைக்கிள் டாக்சி ஓட்டும் ஆண்களிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்கலின் தூபாவும் ஜோனதன் ராபின்சனும் செய்த ஆய்வு. வட்டியைப் பார்த்து யாரும் போடவில்லை, காசு கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும் என்றுதான் போட்டார்கள். நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியிலும் பெண்கள் சீட்டுச் சேர்வது வீட்டுக்காரர் கையிலிருந்து காசைக் காப்பாற்றத்தான் என்று 2002-லேயே எழுதிவிட்டார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது விஜயவாடா. ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் என்பவர் எழுதியது. அங்கே குடிசைப் பகுதியில் ஒரு பெண் தினமும் வீடு வீடாக வருவார், கையில் அட்டை, 220 கட்டம், ஒரு கட்டத்துக்கு 5 ரூபாய். முழுசும் நிரம்பினால் 1,100 ரூபாய் ஆகியிருக்கும், அவர் திருப்பிக் கொடுப்பது 1,000. அந்த 100 அவர் கூலி. சேமிக்கிறவரே வட்டி கொடுத்துச் சேமிக்கிறார்! அதே அட்டை, அதே கட்டம், அதே தினசரி வசூல். தண்டலில் பெரிய தொகை முதலில் வருகிறது, இங்கே கடைசியில். உங்கள் அம்மாவுக்கு 100 நாள் 100 ரூபாய் கட்டத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தை ஏன் கடனுக்கு மட்டும் கொடுக்க வேண்டும்? தலைகீழ் தண்டல் ஒன்று போட்டுப் பாருங்கள்.

மட்டுநகர் பிள்ளை:

நான் மட்டக்களப்பு. இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு விசயம் விடுபட்டுவிட்டது போல இருக்கு.

எங்கட நாட்டில் 2005-இல், சுனாமிக்குப் பிறகு, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் சிறு கடைக்காரருக்கு, தையல்காரருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாயைக் கடனாக இல்லாமல் சும்மாவே கொடுத்தார்கள், குலுக்கிப்போட்டு. அந்தக் காசு மாதத்துக்கு 5 சதவீதம் அளவில் லாபம் தந்தது, எந்த வங்கி வட்டியையும் விடக் கூட. ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தால் பெண்களின் தொழிலில் லாபம் கூடவே இல்லை. கன காலம் இதைக் காட்டி, பெண்களுக்குக் காசு கொடுத்துப் பிரயோசனமில்லை என்று சிலர் பேசினார்கள். 2019-இல் வேறு ஆய்வாளர்கள் இலங்கை, இந்தியா, கானா தரவுகளைத் திருப்பி எடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் அவள் ஒருத்திதான் தொழில் செய்கிறாள் என்றால் அவளுக்கும் ஆண்களைப் போலவே லாபம் வந்திருக்கு. புருசனுக்கும் ஒரு தொழில் இருந்தால் காசு அங்கே போய்விடுகிறது. கணக்கு அவள் பேரில், முதல் வேறு ஆளின் கடையில்.

என்ர மாமியும் அப்படித்தான். தையல் மெசினுக்கு என்று சங்கிலியை அடைவு வைத்தா. காசு மாமாவின் வலைக்குப் போனது. மெசின் இன்னும் பழசுதான்.

அதனால் தம்பி, அந்த 8,500 உண்மையிலேயே பூவுக்குத்தான் போனதோ என்று கேட்டுப் பாருங்கோ.

நேர்வழி:

அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

மட்டுநகர் பிள்ளை:

இல்லை. காசு போன பாதையைத்தான் கேட்கச் சொன்னேன்.

மல்லிக்காரி மகன்:

பொங்கலுக்குப் போய்விட்டு வந்து இப்போது எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கத்தவில்லை. ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டேன் (எனக்கு இன்னும் வேகம் வரவில்லை, நான் கட்டியதை அம்மா பிரித்துக் கட்டினார்).

3,000 கார்த்திகை வரைக்கும் அப்படியே முதலாக ஓடியிருக்கிறது. மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து கிலோ 2,000-ஐத் தாண்டிவிட்டது. சாதாரண நாளில் ஒன்றரைக் கிலோ எடுக்கிற காசுக்கு அரைக் கிலோகூட வரவில்லை. வாசலில் கூட்டமோ மார்கழியில்தான் அதிகம். வாடிக்கையை விட்டால் பக்கத்தில் உட்காரும் அக்காவிடம் போய்விடும், தை பிறந்தாலும் திரும்பாது. அதனால் தண்டல்.

'சரிம்மா, 900 மட்டும் அன்றன்றைக்கு வாங்கியிருக்கலாமே, எதுக்கு முழு 8,500?' என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பூவுக்கு 3,000 எடுத்துக்கொண்டு, மீதி 5,500 தம்பியின் ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்டக் கொடுத்திருக்கிறார். மட்டுநகர் பிள்ளை சொன்னது அப்படியே.

எனக்குக் கோபம் வந்தது. அவனுக்காக எதுக்கு நீ வட்டி கட்டுறே என்று ஆரம்பித்தேன். 'நீ அடைச்சியே ரெண்டு அட்டை, அது எதுக்கு வாங்குனதுன்னு கேட்டியா?' என்றார். எதுக்கு என்றேன். 'பெங்களூர்ல ரூம் அட்வான்ஸ்னு ஒருத்தன் கேட்டான். அதுல ஆரம்பிச்சு, ஒண்ணு முடிய முன்ன ஒண்ணுன்னு ரெண்டரை வருஷமா ரொட்டேஷன்ல ஓடுச்சு.'

நான் கேட்டது 15,000. அம்மாவிடம் சேமிப்பு இருந்தது, அதிலிருந்து கொடுத்தார் என்றே இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் 23 நாள் கணக்கையும் போட்டுக் காட்டினேன். அம்மா விரல் விட்டு எண்ணி ஒப்புக்கொண்டார், கணக்கு சரிதான் என்றார். 'ஆனா சேந்தாப்புல இருவத்திமூணு நாள் எனக்கு யாரு குடுத்தா? அஞ்சாம் நாள் மழை வரும், எட்டாம் நாள் ஒரு சடங்கு வரும், பத்தாம் நாள் உன் தம்பி வருவான்.' அட்டையை முழுக்க முடித்துவிட்டுச் சும்மா இருந்தால் தண்டல்காரர் அந்தத் தெருவில் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வாராம், அவசரத்துக்குக் கூப்பிட்டால் 'பார்க்கலாம்மா' என்பாராம். அட்டை ஓடிக்கொண்டிருந்தால்தான் நாம் அவர் வரிசையில் இருக்கிறோம் என்று அர்த்தம். நான் அடைத்தபோது அம்மா முகம் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிகிறது.

தலைகீழ் தண்டல் போட்டுவிட்டோம். அட்டை நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது, 100 கட்டம், ஒரு கட்டம் 30 ரூபாய். தினமும் வந்து வாங்க ஆள் வேண்டுமே? நான் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். தம்பி வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். எதிர் டீக்கடை அண்ணன் ஒத்துக்கொண்டார், சாயங்காலம் 6 மணி டீயோடு வாங்கி எழுதிவிடுவார். விஜயவாடா மாதிரி கூலி தருகிறேன் என்றேன். 'போப்பா' என்றார்.

ஓய்வு மேனேஜர்:

100 கட்டம் நிரம்பினால் 3,000. தண்டல் அட்டை?

மல்லிக்காரி மகன்:

அதுவும் ஓடுகிறது சார். இரண்டும் ஒரே ஆணியில்தான் தொங்குகிறது. நேற்றுப் பேசும்போது அதில் 58, இதில் 19. நடுவில் இரண்டு நாள் மழை, 30 ரூபாய் போடவில்லையாம். தண்டலுக்கு 100 மட்டும் தவறாமல் போயிருக்கிறது.